சரக்குக்கு முன்னே செல்லும் கோப்பு

சிங்கப்பூரிலிருந்தோ கொழும்பிலிருந்தோ புறப்பட்டுச் சென்னைத் துறைமுகத்தை நோக்கி வரும் ஒரு சரக்குக் கப்பல், காசிமேட்டு மீனவரின் கண்ணுக்குத் தொடுவானத்தில் தட்டுப்படுவதற்கு வெகு நேரம் முன்பாகவே, அக்கப்பலில் எந்தப் பெட்டி எந்த இடத்தில் இருக்கிறது, அதன் எடை என்ன, எங்கே ஏற்றப்பட்டது, எங்கே இறக்கப்பட வேண்டியது, தீப்பற்றக்கூடிய பொருள் எதுவும் அதற்குள் உண்டா என்ற சகல விவரங்களும் அடங்கிய ஒரு கோப்பு, துறைமுக முனையத்தின் கணினியை வந்தடைந்து விடுகிறது. ‘பேப்ளி’ என்று கப்பல் தொழிலார் வழங்கும் அந்தக் கோப்பில் ஒவ்வொரு பெட்டியின் இருப்பிடமும் 7 இலக்கங்களால் குறிக்கப்படும். முதல் மூன்று கப்பலின் நீளவாக்கில் எந்தப் பகுதி என்பதையும், அடுத்த இரண்டு குறுக்குவாக்கில் எந்த வரிசை என்பதையும், கடைசி இரண்டு கீழிருந்து எந்த அடுக்கு என்பதையும் தெரிவிக்கின்றன. உயரத்தில் கூண்டுக்குள் அமர்ந்து ராட்சத கிரேனை இயக்குகிறவர் எந்தப் பெட்டியை முதலில் தூக்க வேண்டும் என்பது இந்த இலக்கங்களைக் கொண்டே நிர்ணயமாகிறது.

கப்பல் வந்து சேர்ந்த பிறகும் கோப்புகள் ஓய்வதில்லை. பெட்டி இறங்கியதும் ஒரு செய்தி, யார்டிலிருந்து கேட்டைக் கடந்ததும் ஒரு செய்தி, இறக்குமதியாளரின் சார்பாக கஸ்டம்ஸ் ஏஜென்ட் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரிக்கு ஒரு பரிவர்த்தனை என்று, ஒரே கப்பலின் ஒரே பிரயாணத்துக்கு ஒரு ஃபோல்டர் நிறையக் கோப்புகள் சேர்ந்துவிடும். இந்தியாவின் முதல் கன்டெய்னர் முனையம் சென்னைத் துறைமுகத்தில் 1983-ல் திறக்கப்பட்ட காலத்தில் காகிதமும் டெலெக்ஸும் செய்துவந்த காரியத்தை, இன்று ஒருவரையொருவர் நேரில் அறியாத சர்வர்கள் தமக்குள் செய்துகொள்கின்றன. மூலக்கொத்தளத்திலும் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் குடியிருந்து துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஜனங்கள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் ட்ரெய்லர் வண்டிகளைத் தினமும் பார்க்கிறார்கள். அந்த வரிசை நகர்வதற்கும் நகராமல் நிற்பதற்கும் காரணமாக இருக்கும் கோப்புகளின் போக்குவரத்து யார் கண்ணிலும் படுவதில்லை.

ஷிப்பிங் ஏஜென்சி ஆபீஸ்களில் அடிக்கடி நிகழும் ஒரு சம்பாஷணை உண்டு. “அண்ணே, ஃபைல் அனுப்பிட்டேண்ணே” என்று இளையவர் சொல்லுவார். “அனுப்பினது சரிப்பா, அங்க போய்ச் சேர்ந்துச்சான்னு கேட்டியா?” என்று மூத்தவர் கேட்பார். மூத்தவரின் இந்த ஒரு கேள்விக்குள், விஞ்ஞானிகள் கால் நூற்றாண்டுக்கு மேலாக முயன்று தீர்வு கண்ட பல பிரச்சினைகள் அடங்கியிருக்கின்றன. போய்ச் சேர வேண்டியவரிடமே சேர்ந்ததா, அவரைப் போல் வேடம் பூண்ட வேறொருவரிடம் சேர்ந்ததா; வழியில் யாரேனும் படித்தார்களா, படித்ததோடு நில்லாமல் ஓர் எழுத்தையேனும் மாற்றினார்களா; முழுவதும் சேர்ந்ததா, பாதியில் நின்றதா என்பவை ஒன்றோடொன்று சம்பந்தமுடையவையாகத் தோன்றினாலும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கு உரிய பதில் மற்றொன்றுக்குப் பதிலாகாது. இதை உணராதவர்கள், மேலே பூட்டுப் படம் தெரிந்தால் எல்லாம் க்ஷேமம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குக் கோப்புகளைக் கொண்டுசெல்வதற்கான பொது விதிகளை முதன்முதலில் வகுத்தளித்தவர் ஓர் இந்தியர். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர்களில் ஒருவராகத் தேறி, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அபய் பூஷண், 1971 ஏப்ரலில் வெளியிட்ட எஃப்.டி.பி. என்னும் விதித்தொகுப்பே அது. அதன் பிற்கால வடிவம் 1985-ல் நிலைபெற்றபோது, அதில் மிகவும் நேர்த்தியான ஓர் ஏற்பாடு இடம்பெற்றிருந்தது. கட்டளைகள் ஒரு தடத்திலும் கோப்பின் உள்ளடக்கம் வேறொரு தடத்திலும் செல்வதால், மூன்றாவது இடத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர், தொலைவில் உள்ள இரண்டு சர்வர்களையும் தனித்தனியே அழைத்து, ‘நீ அனுப்பு’ என்று ஒன்றுக்கும் ‘நீ வாங்கிக்கொள்’ என்று மற்றொன்றுக்கும் உத்தரவிட்டால், உள்ளடக்கம் அவர் இருக்கும் ஊருக்கு வராமலே அவ்விரண்டுக்கும் இடையே நேராகச் சென்றுவிடும்.

இந்த ஏற்பாட்டின் அழகே அதன் அபாயமாகவும் முடிந்தது. ஒரு சர்வரிடம், ‘இன்ன கணினியின் இன்ன வாயிலுக்கு அனுப்பு’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றால், அந்தச் சர்வரை முன்னே நிறுத்தித் தம் முகத்தை மறைத்துக்கொண்டு அந்நியர் வீட்டுக் கதவுகளைத் தட்டிப் பார்க்கவும் அதே வழி உதவும். விஷமிகள் அப்படியே செய்தார்கள். ஆகவே சர்வர்களைப் பராமரிப்பவர்கள் அந்த வசதியையே அடைத்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய குறை, எஃப்.டி.பி.யில் பயனரின் பெயரும் பாஸ்வேர்டும் திறந்த கடிதம் போலப் பிரயாணம் செய்தன என்பது. பல்கலைக்கழகங்களின் கணினிகள் சிலவே ஒன்றையொன்று அறிந்து பழகிய அந்நாளில் இது ஒரு குறையாகத் தோன்றவில்லை. அதை வகுத்தவர்மேல் இன்று குற்றம் காண்பது நியாயமுமன்று.

1995-ல் பின்லாந்து தேசத்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டு, அதன் வழியே சென்ற பாஸ்வேர்டுகளைத் திரட்டிவிட்டார்கள். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து யூலோனென், அந்தச் சம்பவத்தால் உந்தப்பட்டுச் சில மாதங்களில் எஸ்.எஸ்.எச். என்னும் முறையை இயற்றி, அவ்வாண்டு ஜூலையில் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டார். எஃப்.டி.பி.க்கு 21 ஆம் எண் வாயிலும், டெல்நெட் என்ற பழைய முறைக்கு 23 ஆம் எண் வாயிலும் ஒதுக்கப்பட்டிருந்தன. இரண்டின் வேலையையும் தம்முடைய முறை ஏற்கப்போகிறது என்பதால் இடையில் காலியாக இருந்த 22-ஐ அவர் கேட்டுப் பெற்றார். இன்று உலகத்தில் தொலைவிலுள்ள சர்வர்களை நிர்வகிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தட்டுகிற கதவு அதுதான். எஸ்.சி.பி., எஸ்.எஃப்.டி.பி. என்று ஃபோல்டர்களைப் பிரதியெடுக்க வழங்கும் உபகரணங்கள் யாவும் இந்த எஸ்.எஸ்.எச். என்ற அஸ்திவாரத்தின்மேல் நிற்பவை. ஓபன்பி.எஸ்.டி. குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஓபன்எஸ்.எஸ்.எச். என்னும் வடிவமே பெரும்பாலான சர்வர்களில் வேலை செய்கிறது.

எஸ்.எஸ்.எச். முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இது: ஒருவரையொருவர் இதற்குமுன் சந்தித்திராத இரண்டு கணினிகள், அனைவரும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு கம்பியின் வழியே பேசி, கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு ரகசியத்தைத் தமக்குள் ஏற்படுத்திக்கொள்ள முடியுமா? முடியாது என்றே பொதுப்புத்தி சொல்லும். விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் 1976-ல் முடியும் என்று காட்டினார்கள். 17, 3 என்ற இரண்டு எண்களை எல்லாரும் அறிய அறிவித்துவிடுவோம். சென்னைக் கணினி தன் மனத்துக்குள் 4 என்ற எண்ணை வைத்துக்கொண்டு, 3-ஐ நான்கு தரம் பெருக்கி வரும் 81-ஐ 17-ஆல் வகுத்து, மிச்சமான 13-ஐ மட்டும் வெளியே அனுப்புகிறது. சிங்கப்பூர்க் கணினி 7 என்பதை மனத்தில் வைத்து, 3-ஐ ஏழு தரம் பெருக்கி வரும் 2187-ஐ 17-ஆல் வகுத்து மிச்சமான 11-ஐ அனுப்புகிறது. இப்போது சென்னை, தனக்கு வந்த 11-ஐத் தன் ரகசிய எண்ணாகிய நான்கு தரம் பெருக்கி 17-ஆல் வகுத்தால் மிச்சம் 4. சிங்கப்பூர், தனக்கு வந்த 13-ஐ ஏழு தரம் பெருக்கி 17-ஆல் வகுத்தாலும் மிச்சம் 4. வழியில் ஒட்டுக்கேட்டவனுக்குத் தெரிந்தவை 17, 3, 13, 11 என்ற நான்கும்தான். இருவரும் அடைந்த பொதுவான ரகசியம் அவற்றுள் எதுவும் அன்று. இவ்வளவு சிறிய எண்களில் அவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான் என்பது மெய்யே. எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்களுக்கு வளரும்போது, மிச்சத்திலிருந்து மூலத்துக்குத் திரும்பிச் செல்லும் வழி இன்றுள்ள யந்திரங்களின் ஆயுளுக்குள் அடங்குவதில்லை. குவாண்டம் கணினிகள் வளர்ந்து நாளை அந்த வழியையும் திறந்துவிடக்கூடும் என்று கருதி, ஓபன்எஸ்.எஸ்.எச். 2022 முதல் அதற்கும் ஈடுகொடுக்கும் என்று நம்பப்படும் வேறொரு கணிதத்தையும் சேர்த்தே பிரயோகித்து வருகிறது.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு விஷயத்தைச் சொல்லவே இல்லை. மறுமுனையில் இருப்பது சிங்கப்பூர்க் கணினிதானா என்பதே அது. இடையில் புகுந்த ஒருவன், சென்னையிடம் சிங்கப்பூராகவும் சிங்கப்பூரிடம் சென்னையாகவும் நடித்து, இருபுறமும் தனித்தனி ரகசியத்தை ஏற்படுத்திக்கொண்டால், இரண்டு முனைகளும் பரம பாதுகாப்பாகப் பேசுவதாக நம்பிக்கொண்டு தம் அந்தரங்கம் முழுவதையும் அவன் கையில் ஒப்படைத்துவிடும். இதற்காகத்தான், ஒரு சர்வரோடு முதன்முறை தொடர்பு கொள்ளும்போது, ‘இந்த யந்திரத்தின் உண்மையை என்னால் உறுதிசெய்ய இயலவில்லை, இதன் கைரேகை இது, தொடரலாமா?’ என்ற பொருளில் ஒரு கேள்வி திரையில் எழுகிறது. அதற்குக் கீழே தாறுமாறான எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு வரி நிற்கும். அந்த வரியை, மறுமுனையில் இருப்பவரிடம் டெலிபோனிலோ நேரிலோ முன்கூட்டிப் பெற்றுவைத்த வரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகே ‘ஆம்’ என்று விடையளிக்க வேண்டும் என்பது விதி. அநேகர் அந்த வரியைப் பார்ப்பதுமில்லை. ‘எஸ்’ என்று தட்டிவிட்டு மேலே போகிறார்கள். எஸ்.எஸ்.எச். முறை முழுவதிலும் மனிதனின் நிதானத்தை நம்பி விடப்பட்ட இடம் இதுதான் என்பதால், நான் இதை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லுகிறேன். ஒருமுறை ஒப்புக்கொண்ட கைரேகையைக் கணினி குறித்து வைத்துக்கொள்ளும். பின்னொரு நாள் அது மாறியிருந்தால் பெரிய எச்சரிக்கையோடு நின்றுவிடும். அந்த எச்சரிக்கையை ஒரு தொந்தரவாகக் கருதி, பழைய குறிப்பை அழித்துவிட்டுத் தொடர்வது நம் ஆபீஸ்களில் பரவியிருக்கும் கெட்ட பழக்கங்களில் ஒன்று.

இனி, இரண்டு சர்வர்களும் தொலைவில் இருக்க, பிரதியெடுக்கச் சொல்லுகிறவர் மூன்றாவது இடத்தில் இருக்கும் நிலையைப் பார்ப்போம். மூலக்கொத்தளத்தில் ஒரு வீட்டில் லாப்டாப்போடு அமர்ந்திருக்கும் ஒரு பெண், மும்பையில் உள்ள ஒரு சர்வரிலிருந்து சிங்கப்பூரில் உள்ள மற்றொரு சர்வருக்கு 100 ஜி.பி. அளவுள்ள ஒரு ஃபோல்டரை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டு இணைப்பு விநாடிக்கு 20 மெகாபிட் செல்லக்கூடியது. சர்வர்களின் இணைப்போ விநாடிக்கு ஒரு கிகாபிட். உள்ளடக்கம் முழுவதும் அவர் வீட்டுக்கு வந்து திரும்பிப் போவதென்றால், அந்தக் குறுகிய வழியே 100 ஜி.பி. கடக்கவே ஏறத்தாழ 11 மணி நேரம் பிடிக்கும். இரண்டு சர்வர்களும் நேராகப் பரிமாறிக்கொண்டால், ஏனைய தடைகள் இல்லாத பட்சத்தில், 14 நிமிஷத்துக்குள் வேலை முடிந்துவிடும். இந்தக் கணக்கைப் பார்த்த எவரும் நேர்வழியே சிறந்தது என்று உடனே தீர்ப்பளித்துவிடுவார்கள்.

ஓபன்எஸ்.எஸ்.எச். குழுவினர் இதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தார்கள். எஸ்.சி.பி. கட்டளை, தொலைவிலுள்ள இரண்டு சர்வர்களின் பெயரைக் கொடுத்தால், நெடுங்காலம் நேர்வழியையே பின்பற்றி வந்தது. 2021 ஆகஸ்டில் வெளியான 8.7 ஆம் பதிப்பிலிருந்து, வேறுவிதமாகக் கேட்டாலன்றி, எல்லாமே கட்டளையிட்டவரின் கணினி வழியாகவே செல்லும்படி மாற்றிவிட்டார்கள். காரணம் இதுதான்: மும்பை சர்வர் நேராகச் சிங்கப்பூர் சர்வருக்குள் நுழைய வேண்டுமென்றால், மும்பையிடம் சிங்கப்பூரின் சாவி இருந்தாக வேண்டும். அந்தப் பெண் பாஸ்வேர்டைத் தட்டினால் அது மும்பை வழியாகச் செல்லும். தம் சாவியின் அதிகாரத்தைச் சிறிது நேரத்துக்கு இரவல் கொடுத்தால், மும்பை சர்வரின் நிர்வாகியோ, அதற்குள் ரகசியமாகப் புகுந்திருக்கும் அந்நியனோ, அந்தச் சிறிது நேரத்துக்குள் அவருடைய பெயரால் எங்கும் நுழைய முடியும். மும்பையை அவர் நம்புகிறார் என்பதனால் சிங்கப்பூரும் மும்பையை நம்பியாக வேண்டும் என்பதில்லை. வழியெல்லாம் சங்கேதமாக்கப்பட்டிருப்பது இந்த அபாயத்தை ஒரு துளியும் குறைக்காது. ஏனெனில் இது வழியில் நேர்வதன்று, முனையில் நேர்வது.

அப்படியானால் 11 மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. இந்த ஒரு காரியத்துக்கென்றே ஒரு தனிச் சாவியை உண்டாக்கி, அந்தச் சாவியால் சிங்கப்பூர் சர்வரில் குறிப்பிட்ட ஒரு ஃபோல்டருக்குள் எழுதுவதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாதபடியும், மும்பையின் முகவரியிலிருந்து வந்தாலன்றிக் கதவு திறக்காதபடியும் விதித்து, அதை மும்பையில் வைத்துவிட்டால், நேர்வழியின் வேகமும் கிடைக்கும். சாவி களவு போனாலும் நஷ்டம் அந்த ஒரு ஃபோல்டரோடு நின்றுவிடும். வேலை முடிந்ததும் சாவியை ரத்துசெய்வது அவசியம். பெரிய ஸ்தாபனங்களில் உள்ளேயிருக்கும் சர்வர் எதற்கும் வெளியிலிருந்து நேரே செல்ல விடுவதில்லை. வலையமைப்பின் விளிம்பில், பலமாகக் காவலிட்ட ஒரே ஒரு கணினியை நிறுத்தி, வருகிறவர் எல்லாரும் அதன் வழியாகவே வரவேண்டும் என்று ஏற்பாடு செய்கிறார்கள். அந்தக் கணினிக்குக் கொத்தளம் என்றே கணினித் துறையில் பெயர். லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை 1758-ல் சென்னை நகரை முற்றுகையிட்டதற்கும், ஹைதர் அலியின் குதிரைப்படை அடுத்த பத்தாண்டில் வந்து மிரட்டியதற்கும் பிறகு, கும்பினியார் கறுப்பர் பட்டினத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் மூலைக் காவலிடம் எதுவோ, அதன் பெயரையே மூலக்கொத்தளம் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. அம்மதிலில் எஞ்சிய ஒரு துண்டை ராயபுரம் பக்கத்து மாடிப் பூங்காவின் அடியில் காணலாம்.

நம்பிக்கையின் பிரச்சினை தீர்ந்த பின் தூரத்தின் பிரச்சினை எஞ்சுகிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-ல் இடப்பட்ட ஐ2ஐ என்ற கடலடி வடத்தின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப, மிகக் குறைந்தபட்சம், விநாடியில் ஆயிரத்தில் 32 பங்கு ஆகும். எவ்வளவு பணம் செலவிட்டாலும் இதைக் குறைக்க இயலாது. ஒரு பெரிய கோப்பை அனுப்பும்போது இந்தத் தாமதம் உறைப்பதில்லை. மேலே சொன்ன துறைமுகச் செய்திகளோ, ஒவ்வொன்றும் சில கிலோபைட் அளவேயுள்ள பொடிக் கோப்புகள்; ஒரு ஃபோல்டரில் 10,000 இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ‘திற’, ‘எழுது’, ‘மூடு’ என்று மூன்று தரம் கேட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றால், வெறும் காத்திருப்புக்கே 960 விநாடிகள், அதாவது 16 நிமிஷம் கழியும். அத்தனை கோப்புகளையும் சேர்த்தாலும் அளவு 20 அல்லது 30 எம்.பி.தான். இதற்குப் பரிகாரம் மணலியிலும் மாதவரத்திலும் உள்ள சி.எஃப்.எஸ். கிடங்குகளில் தினசரி நடப்பதுதான்: பல வியாபாரிகளின் சில்லறைச் சரக்குகளை ஒரே கன்டெய்னரில் அடைத்து ஒரே பெட்டியாக ஏற்றுவது போல, ‘டார்’ என்ற உபகரணத்தால் ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டி அனுப்பி, மறுமுனையில் பிரித்துக்கொள்கிறார்கள்.

ஒரே ஃபோல்டரைத் தினந்தோறும் அனுப்ப வேண்டியவர்களுக்கு இன்னொரு உபாயம் இருக்கிறது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜல், பால் மக்கெராஸ் இருவரும் 1996-ல் அளித்த ‘ஆர்சிங்க்’, நேற்றைய பிரதிக்கும் இன்றைய மூலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்புவது. இரண்டும் இரண்டு ஊர்களில் இருக்கையில், ஒன்றை மற்றொன்றிடம் கொண்டுசெல்லாமலே வித்தியாசத்தைக் கண்டறிவது எவ்வாறு? பழைய பிரதி இருக்கும் கணினி அதைச் சம அளவான துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் எளிய கூட்டுத்தொகை ஒன்றும் கடினமான அடையாள எண் ஒன்றும் கணக்கிட்டு அனுப்புகிறது. மூலம் இருக்கும் கணினி, தன் கோப்பின்மேல் அதே அகலமுள்ள ஒரு சாளரத்தை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திச் செல்கிறது. சாளரம் ஓர் எழுத்து நகரும்போது, விலகிய எழுத்தைக் கழித்துப் புதிதாக வந்ததைக் கூட்டினால் எளிய தொகை கிடைத்துவிடும். முழுவதையும் திரும்பக் கூட்ட வேண்டியதில்லை. எளிய தொகை பொருந்தும் இடத்தில் மட்டும் கடினமான எண்ணையும் சோதித்து, அதுவும் பொருந்தினால், ‘இந்தத் துண்டு உன்னிடமே இருக்கிறது’ என்று சொல்லி மேலே போகும். கோப்பின் நடுவே ஒரே ஒரு வரியைச் செருகியதால் பின்னுள்ளவை எல்லாம் இடம்பெயர்ந்தாலும், நகரும் சாளரம் அவற்றைத் திரும்பக் கண்டுபிடித்துவிடுகிறது. நான் அறிந்த கணினிக் கணக்குகளில் இவ்வளவு சிக்கனமும் இவ்வளவு தெளிவும் சேர்ந்தவை மிகச் சிலவே.

இந்த உபகரணத்தைக் கையாளுகிறவர் ஓர் எச்சரிக்கையை மறக்கலாகாது. மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின் ஒரு சாய்கோடு இட்டால் அதற்குள் இருப்பவை மட்டும் செல்லும். இடாவிட்டால் ஃபோல்டரே சென்று மறுமுனையில் ஒன்றுக்குள் ஒன்றாக அமரும். மூலத்தில் இல்லாதவற்றை மறுமுனையிலும் அழித்துவிடு என்ற கட்டளையும் உடன் சேர்ந்திருந்தால், இந்த ஒரு சாய்கோட்டின் பிழை ஆண்டுக்கணக்கான கோப்புகளைத் துடைத்துவிடும். ஆகையால், எதையும் செய்யாமல் செய்யப்போவதை மட்டும் காட்டும் ‘ட்ரை ரன்’ என்ற ஒத்திகையை முதலில் நடத்திப் படித்துப் பார்ப்பது உத்தமம். பாதி வந்த கோப்பினாலும் விபரீதம் உண்டு. முனையத்தின் கணினி, ஒரு ஃபோல்டரைச் சதா கண்காணித்துப் புதிதாக எது வந்தாலும் எடுத்துப் படிக்கும்படி அமைந்திருந்தால், பேப்ளிக் கோப்பு பாதி எழுதப்பட்ட நிலையிலேயே அதைப் படித்து, கப்பலில் பாதிப் பெட்டிகள்தாம் உண்டு என்று முடிவு செய்துவிடும். விஷயம் அறிந்தவர்கள் வேறொரு தற்காலிகப் பெயரில் முழுவதையும் அனுப்பி முடித்த பின்பே உரிய பெயரை இடுகிறார்கள். ஆர்சிங்க் இதைத் தானாகவே செய்கிறது.

முழுமையாக வந்ததா என்று சோதிக்கும் கலை துறைமுகத்துக்குப் புதிதன்று. எண்ணூர் நெடுஞ்சாலையில் நிற்கும் ட்ரெய்லரின் மேலுள்ள பெட்டியின் கதவைப் பாருங்கள்: நான்கு ஆங்கில எழுத்துகள், ஆறு இலக்கங்கள், அவற்றுக்குப் பின் ஒரு சிறு கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். சி, எஸ், க்யூ, யூ என்ற எழுத்துகளும் 305438 என்ற இலக்கங்களும் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டால், விதிப்படி அந்த எழுத்துகளின் மதிப்பு முறையே 13, 30, 28, 32. பத்து இடங்களையும் இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துச் செல்லும் எண்களால் பெருக்கிக் கூட்டினால் 6185 வரும். அதை 11-ஆல் வகுத்த மிச்சம் 3. கட்டத்துக்குள் 3 இருந்தால் எண் சரி. கேட்டில் குறிப்பெடுக்கும் குமாஸ்தா ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டாலோ, அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றிவிட்டாலோ, அநேகமாக இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். கைதவறுதலை இது பிடிக்கும், கபடத்தைப் பிடிக்காது. வேண்டுமென்றே எண்ணை மாற்றுகிறவன் கட்டத்துக்குள் இருப்பதையும் கணக்கிட்டு மாற்றிவிடுவான் அல்லவா? எஸ்.எஸ்.எச். அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு சோதனை எண் செல்கிறது; இரு முனைகளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியத்தைக் கலந்து அது கணக்கிடப்படுவதால், ரகசியம் அறியாதவன் உள்ளடக்கத்தில் ஒரு பிட்டை மாற்றினாலும் அதற்குப் பொருந்தும் எண்ணை அவனால் உண்டாக்க முடியாது. அதுவும் வழிக்கு மட்டுமே காவல். வந்தது டிஸ்கில் சரியாக எழுதப்பட்டதா என்பதை, இரண்டு ஊர்களிலும் எஸ்.எச்.ஏ. 256 போன்ற அடையாள எண்களைத் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிட்ட பின்பே நிச்சயிக்கலாம்; மூலத்தை அழிப்பது அதற்கும் பிறகு.

இத்தனை காவலும் கூடியபோதிலும் பிரதிகள் ஒருங்கே மடிந்துபோன ஒரு சம்பவம் கப்பல் தொழிலிலேயே நடந்தது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நாசகாரி மென்பொருள், அப்போது உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனமாக இருந்த மேர்ஸ்கின் கணினிகளில் பரவியது. மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமத்தைச் சேர்ந்த முனையம் ஸ்தம்பித்தது. யார் உள்ளே வரலாம், யாருக்கு எந்த அதிகாரம் என்ற பட்டியலைத் தாங்கிய மேர்ஸ்கின் சர்வர்கள் உலகெங்கும் ஏறத்தாழ 150 இருந்தன. ஒன்று போனால் மற்றது இருக்கும் என்ற நம்பிக்கையில் ஒவ்வொன்றும் மற்றவற்றின் பிரதியாக இடைவிடாமல் ஒத்திசைந்து வந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தால் என்செய்வது என்பதை யாரும் எண்ணியிருக்கவில்லை. அழியாமல் தப்பியது ஒன்றே ஒன்று; ஆப்பிரிக்காவில் கானா தேசத்து அலுவலகத்தில், தாக்குதலுக்கு முன்பே மின்சாரம் தடைப்பட்டு வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த சர்வர் அது.

பல நூறு ஜி.பி. கொண்ட அந்தப் பிரதியை இங்கிலாந்தில் மெய்டன்ஹெட் என்ற ஊரிலிருந்த மீட்பு மையத்துக்கு அனுப்ப முயன்றபோது, கானா அலுவலகத்தின் இணைப்பு அதற்குப் பல நாட்கள் எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்தது. அங்குள்ள ஊழியர் எவரிடமும் பிரிட்டிஷ் விசா இல்லை. ஆகவே ஒருவர் ஹார்ட் டிஸ்கை எடுத்துக்கொண்டு விமானத்தில் நைஜீரியாவுக்குச் சென்று, விமான நிலையத்தில் காத்திருந்த மற்றொரு ஊழியரிடம் ஒப்படைக்க, அவர் அதை லண்டன் ஹீத்ரோவுக்குக் கொண்டுசேர்த்தார். பத்து நாட்களில் 4,000 சர்வர்களும் 45,000 கணினிகளும் புதிதாக நிறுவப்பட்டதாக நிறுவனத்தின் தலைவர் பின்னர் அறிவித்தார். அதுவரை உலகின் பல துறைமுகங்களில் அந்நிறுவன ஊழியர்கள் பெட்டி எண்களைக் காகிதத்தில் எழுதியும், தம் சொந்தக் கைப்பேசிகளில் செய்தி அனுப்பியும் சரக்கை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.